சிலோன் ரேடியோவைக் கேசட்டில் பிடித்தவர்கள் உண்டா? பாட்டு வேண்டாம், நடுவில் பேசினது வேண்டும்

உப்பளத்தான்:

வணக்கம். 1978, 79 வாக்கில் சிலோன் ரேடியோவைக் கேசட்டில் பிடித்து வைத்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? பாட்டெல்லாம் என்னிடம் இருக்கிறது, போனைத் தட்டினால் வந்து கொட்டுகிறது. எனக்கு வேண்டியது பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பேசியது. குறிப்பாக ‘நீங்கள் கேட்டவை’ என்ற நேயர் விருப்ப நிகழ்ச்சியில் நேயர்களின் பெயரை வாசிப்பார்களே, அந்தப் பகுதி.

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வேதாரண்யம் பக்கம் அகஸ்தியம்பள்ளி. உப்பளத்துக்குப் போகிற ரோட்டில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். கீற்றுக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர், தோலுறை போட்ட பிலிப்ஸ் டிரான்சிஸ்டர் ஒன்று. உப்பு வாருகிற வேலையை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடித்தாக வேண்டும். அதனால் ஆட்கள் விடிவதற்கு முன்பே வந்துவிடுவார்கள். அவர்கள் திரும்பி வரும்போது காலெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்பது முதலில் டீ இல்லை, “ரேடியோவை வையுங்க” என்பதுதான்.

அந்த டிரான்சிஸ்டர் இருந்த பலகையில் அப்பா சாக்பீஸால் இரண்டு கோடு போட்டிருந்தார். பெட்டி அந்தக் கோட்டுக்குள்தான் நிற்க வேண்டும், முகம் கோடியக்கரைப் பக்கம் பார்த்து. துடைக்க எடுத்தாலும் அதே கோட்டில் வைக்க வேண்டும். நான் ஒருமுறை தெரு பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். “திருப்பினா சிலோன்காரன் கோவிச்சுக்கிட்டுப் போயிடுவான்” என்பார். பேட்டரிக் கட்டை தீர்ந்துபோகிற மாதிரி இருந்தால் கழற்றி ஓட்டுமேல் வெயிலில் காயவைப்பது என் வேலை. அப்படிக் காய்ந்த கட்டை இன்னும் இரண்டு நாளைக்குப் பாடும். மூன்றாவது நாள் பி.பி. ஸ்ரீனிவாஸ் ஏற்கெனவே மெதுவாகப் பாடுவதை இன்னும் மெதுவாகப் பாடுவார்.

காலை ஏழேகாலுக்கு டெல்லிச் செய்தி, சரோஜ் நாராயணசுவாமி குரல். அதற்குத் திருச்சி. செய்தி முடிந்ததும் முள் நகர்ந்து சிலோனுக்குப் போய்விடும், ‘பொங்கும் பூம்புனல்’. அதற்கப்புறம் நாள் முழுக்க அங்கேதான். அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா பேசினால் டீ ஆற்றுகிற வேகமே கூடிவிடும் அப்பாவுக்கு. அந்த மனுஷன் மூச்சு எங்கே விடுகிறார் என்று கடையில் பந்தயமே நடக்கும். ராஜேஸ்வரி சண்முகம் வந்தால் எல்லாரும் கொஞ்சம் ஒழுங்காக உட்காருவார்கள், ஏதோ வீட்டுக்குப் பெரியம்மா வந்த மாதிரி. அப்துல் ஹமீத் ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்துகிறபோது கடையிலேயே இரண்டு கட்சி பிரிந்து எழுத்துக்குப் பாட்டுத் தேடும். படம், பாடியவர், இசை, எழுதியவர் என்று நாலும் சொல்லித்தான் ஒரு பாட்டைப் போடுவார்கள். பள்ளிக்கூடமே போகாத உப்பளத்து ஆட்கள் இது கண்ணதாசனா மருதகாசியா என்று சண்டை போட்டுக்கொண்டதை நான் காதால் கேட்டிருக்கிறேன். இன்றைக்கு என் மகனுக்குப் பாட்டுத் தெரியும், எழுதினது யார் என்று கேட்டால் போனைப் பார்க்கிறான்.

மரண அறிவித்தல் வரும். அதை மட்டும் சத்தம் குறைக்காமல் கேட்பார்கள். கொழும்பில் கடை வேலை பார்த்துவிட்டு வந்த பெரியவர் ஒருவர் இருந்தார். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை என்று பெயர் வந்தால், அந்தத் தெருவில் எந்த முக்கில் என்ன கடை இருந்தது என்று சொல்வார். இறந்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு “ச்சு” கொட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

இப்போது விஷயம். 77 நவம்பரில் பெரிய புயல் அடித்ததே, அதற்கு மறுவருஷம். அப்பா யாருக்கும் சொல்லாமல் அம்மா பெயரில் ‘நீங்கள் கேட்டவை’க்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். வெளிநாட்டுத் தபால் செலவுக்குக் கணக்குப் பார்த்து, ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் கப்பலில் போகிற ஒருவர் கையில் கொடுத்து அங்கே பெட்டியில் போடச் சொன்னாராம். மாதங்கள் போய்விட்டன, அவரே மறந்திருப்பார். ஒருநாள் அம்மா கொட்டகைக்குப் பின்னால் இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருக்கிறாள். ரேடியோவில் பெயர்ப் பட்டியல் ஓடுகிறது. அப்பா திடீரென்று கத்துகிறார். அம்மா கையெல்லாம் மாவோடு ஓடி வருகிறாள். வந்து சேர்ந்தபோது அவள் பெயர் போய்விட்டது, ஊர்ப் பெயரில் கடைசி மூன்று எழுத்து “...பள்ளி” என்று மட்டும் கேட்டது, உடனே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

கடையில் இருந்த பதினைந்து இருபது பேரும் கேட்டார்கள், நான் கேட்டேன், எனக்கு அப்போது பத்து வயது. அம்மா கேட்கவில்லை. மறுநாளிலிருந்து உப்பளத்தில் எல்லாரும் அவளை “என்ன, சிலோன் வரைக்கும் பேர் போயிடுச்சு” என்று கிண்டல் பண்ணினார்கள். அவளுக்கு மட்டும் அது அடுத்தவர் சொல்லிக் கேட்ட சங்கதியாகவே நின்றுவிட்டது. அப்பா மறுபடி எழுதினார், மூன்று நான்கு தடவை. வாசிக்கவில்லை.

இப்போது அம்மாவுக்கு எண்பது. தாம்பரத்தில் எங்களோடு இருக்கிறாள். அன்றைக்குப் போட்டது சுசீலா பாட்டு என்கிறாள். என் அக்கா ஜானகி என்று அடித்துச் சொல்கிறாள். இரண்டு பேர் பாட்டும் தேடிப் போட்டுக் காட்டினேன். “பாட்டு இதுதான்டா. ஆனா இது அது இல்ல” என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை.

கஜா புயல் அடித்தபோது (2018 நவம்பர் 16, எங்கள் ஊரில் நின்ற மரங்களை விரலில் எண்ணலாம்) வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது. பரண்மேல் கிடந்த அப்பாவின் டிரான்சிஸ்டரைத் தம்பி இறக்கிக் கட்டை போட்டான். பாடியிருக்கிறது! தெருவே அதைச் சுற்றி நின்று செய்தி கேட்டதாம். அதை இப்போது எனக்குக் கொடுத்துவிட்டான். தாம்பரத்தில் வைத்தால் இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை.

ஆக இரண்டு கேள்வி. ஒன்று, அந்தக் காலப் பதிவு யாரிடமாவது இருக்குமா? அம்மா பெயர் வந்த அன்றைய பதிவே கிடைக்கும் என்று பேராசைப்படவில்லை. அந்தக் குரல்கள் பெயர் வாசிப்பது ஐந்து நிமிஷம் கிடைத்தால் போதும். இரண்டு, இந்தப் பெட்டியை என்ன செய்தால் பேசும்?

ரிமோட்டார்:

உருக்கமாத்தான் இருக்கு, ஆனா நான் கொஞ்சம் எதிர்க்கட்சி. எங்க வீட்லயும் சிலோன் ரேடியோதான். பாதிப் பாட்டு கேக்கும், பாதி “கொர்ர்ர்”னு போகும். பிடிச்ச பாட்டு வரும்போதுதான் சரியா அலை தூக்கி அடிக்கும். ஒரு பாட்டுக்காக மூணு மாசம் காத்திருந்து, அது வந்த அன்னிக்கு நான் டியூஷன்ல. இப்ப நினைச்ச பாட்டு நினைச்ச நேரத்துல. அப்பல்லாம் வேற வழி இல்ல, அதனால கேட்டோம். அதுக்குப் போய் இத்தனை கவிதை வேணாம்.

அம்மா விஷயம் வேற. அது கிடைக்கணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா நேர்மையா சொல்றேன், 78ல நம்ம ஊர்ல எத்தனை பேர்கிட்ட டேப் இருந்திருக்கும்?

பழைய வால்வு:

ஐயா, மன்னார்குடியில் முப்பது வருஷம் ரேடியோ மெக்கானிக் கடை வைத்திருந்தவன். உங்கள் அப்பா போட்ட சாக்பீஸ் கோட்டைப் படித்துவிட்டு எழுந்து நின்று கும்பிட்டேன். விளையாட்டில்லை.

டிரான்சிஸ்டருக்குள் கறுப்பாக ஒரு குச்சி இருக்கும், மேலே செப்புக் கம்பி சுற்றி. ஃபெரைட் ராடு என்போம். மீடியம் வேவுக்கு அதுதான் ஏரியல். ஸ்டேஷன் இருக்கிற திசைக்கு அது குறுக்கே கிடந்தால் நன்றாக இழுக்கும், குச்சியின் முனை ஸ்டேஷனை நோக்கி நின்றால் சத்தம் செத்துவிடும். இப்போது ஒரு வரைபடத்தை எடுத்து வேதாரண்யத்தில் ஒரு புள்ளி, கொழும்பில் ஒரு புள்ளி வையுங்கள். ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் ஏறத்தாழ நேர் தெற்கு வடக்காக நிற்கும், இரண்டு ஊருக்கும் தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்றேதான். தூரம் 380 கிலோமீட்டர் சொச்சம். அந்தக் கோட்டில் பெரும்பகுதி புத்தளம் கரையோரமும் கடலும். உப்புத் தண்ணீர் மீடியம் வேவுக்கு ராஜபாட்டை. நிலத்தில் போனால் அலையை மண் உறிஞ்சும், கடல்மேல் போனால் அவ்வளவு உறிஞ்சாது. அதனால்தான் உங்களுக்குப் பட்டப்பகலில் உள்ளூர் ஸ்டேஷன் மாதிரி கேட்டது. உங்கள் அப்பா பெட்டியைக் கோடியக்கரை பார்த்து, அதாவது தெற்கே பார்த்து வைத்தார். உள்ளே குச்சி கிழக்கு மேற்காகக் கிடந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, படித்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்திருப்பான்.

ரிமோட்டார் சொன்ன “கொர்ர்” ராத்திரி நேரத்துச் சங்கதி. பகலில் வானத்தின் கீழடுக்கு அலையை விழுங்கிவிடும், தரையோடு வருவது மட்டும்தான் கேட்கும். இருட்டினால் அந்த அடுக்கு கலைந்துவிடும், அலை மேலே போய் முட்டித் திரும்பி எங்கெங்கோ இறங்கும். தரையில் வருவதும் மேலிருந்து வருவதும் ஒன்றை ஒன்று இடித்தால் சத்தம் ஏறி இறங்கும். உங்கள் பாட்டைப் பார்த்து யாரும் சதி செய்யவில்லை.

“வேற வழி இல்ல, கேட்டோம்” என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, சரித்திரமும் உண்டு. 1952-ல் கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்தபின் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமல் போனது. சாஸ்திரிய சங்கீதம் வளர வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜனங்கள் முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். 1957 அக்டோபரில் அகில இந்திய வானொலியிலேயே சினிமாப் பாட்டு போடுகிற விவித் பாரதி வந்தது, அதற்குள் பழக்கம் ஊறிவிட்டது. ஆனால் திருச்சியைக் குறைத்துச் சொல்லவும் மாட்டேன். எங்கள் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறை 27 என்று ஒரு நெல் வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றிப் பேசிப் பேசி விவசாயிகள் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். விதைக்கடையில் போய் “ரேடியோ நெல் குடுங்க” என்றுதான் கேட்பார்கள். எந்த எஃப்.எம். பெயரில் இன்று ஒரு பயிர் இருக்கிறது?

பெட்டிக்கு வருகிறேன். தாம்பரத்தில் இரைச்சலுக்குக் காரணம் பெட்டி இல்லை, உங்கள் வீடு. எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் எல்லாமே மீடியம் வேவில் பேசும். ராத்திரி பத்து மணிக்கு மேல் மொட்டை மாடிக்கு எடுத்துப் போங்கள். அப்பா வைத்தபடியே தெற்கே பார்த்து வைத்து, முள்ளை மெல்ல நகர்த்துங்கள். 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சியைத் தேடிப் பாருங்கள். பேண்ட் சுவிட்சைப் பத்து இருபது தடவை இங்குமங்கும் தள்ளுங்கள், துரு போகும். வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் அதற்குள் கிளீனர் ஒரு சொட்டு. கட்டை வைக்கிற இடத்தில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிவிடுங்கள். உள்ளே சதுரமாகத் தகர டப்பி மாதிரி, தலையில் கலர் பூசிய திருகு வைத்து மூன்று நாலு இருக்கும். அதை மட்டும் தொடாதீர்கள். “சும்மா கொஞ்சம் திருகிப் பார்த்தேன்” என்று வந்த பெட்டிகளால்தான் என் பிள்ளைகள் படித்தார்கள்.

பருத்தித்துறை அக்கா:

தம்பி உப்பளத்தான், நான் உங்களுக்கு நேர் எதிர்க்கரை. நடுவில அறுபது சொச்சம் கிலோமீட்டர் கடல், அவ்வளவுதான். இப்ப கனடாவில இருக்கிறன்.

நீங்கள் எல்லாரும் கொழும்பைக் கேட்ட கதையை எழுதுறியள். நாங்கள் இருந்து கேட்டது உங்கட திருச்சியை. எங்கட வீட்டில கொழும்பும் கேட்கிறது, ஆனால் அம்மாவுக்குத் திருச்சி எண்டால்தான் உயிர். கச்சேரி வைச்சால் சமையல் பிந்தும். பின்னேரங்களில தூத்துக்குடியில இருந்தும் எங்களுக்கெண்டு ஒலிபரப்பு வரும். உங்களுக்கு அக்கரை, எங்களுக்கும் அக்கரை.

90-ல யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நிண்டது. பற்றரியும் தடை, கொண்டுவர ஏலாது. அப்ப என்ன செய்தனாங்கள் தெரியுமோ? சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில இருந்து வயரை றேடியோவுக்குக் குடுத்து, பெடலைக் கையால சுத்துறது. எங்கட வீட்டில தம்பிதான் சுத்துவான். இரவு பிபிசி தமிழோசைச் செய்திக்கு ஒழுங்காச் சுத்துவான், அப்பா பக்கத்தில நிப்பார். செய்தி முடிஞ்சு நாங்கள் பாட்டு வைச்சால் கள்ளன் கை நோகுது எண்டு மெதுவாக்குவான். சத்தம் அப்பிடியே அடியில போகும். “சுத்தடா” எண்டு நாலு பேர் கத்துவம், உடன சத்தம் குபீரெண்டு எழும்பும். இப்பவும் அந்தக் காலத்துப் பாட்டு எங்கையாவது கேட்டால், எனக்கு ஒரே அளவாய்ப் போறது பிழை மாதிரிக் கிடக்கும். நடுவில ஒருக்கா இறங்கி ஏற வேணும்.

உங்கட அம்மா “இது அது இல்ல” எண்டு சொன்னது எனக்கு நல்லா விளங்குது.

கே.எஸ். ராஜா அண்ணையை நினைச்சதுக்கு நன்றி. 94-ல கொழும்பில அவரைக் கொலை செய்துபோட்டாங்கள். அதைப் பற்றி இதுக்கு மேல எழுத மனமில்லை.

உப்பளத்தான்:

அக்கா, நன்றி. அறுபது சொச்சம் கிலோமீட்டர்தான் என்று எங்களுக்கும் சின்ன வயதிலேயே தெரியும், மழை கழுவிவிட்ட ராத்திரிகளில் தெற்கே வானத்தில் ஏதோ வெளிச்சம் தெரிகிறது என்று கிழவர்கள் சொல்வார்கள். நாங்கள் நம்பினோமோ இல்லையோ பார்த்தோம். தம்பியின் கைக்கு என் வணக்கம்.

பழைய வால்வு ஐயா, சாக்பீஸ் கோட்டின் அர்த்தம் தெரிய எனக்கு நாற்பத்தைந்து வருஷம் ஆகியிருக்கிறது. அப்பா படித்தது ஐந்தாவது. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருப்பார். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், “அவருக்கு அதுலேயே பாதி நாள் போகும், பால் பொங்குறது தெரியாது” என்றாள்.

கோபால் பல்பொடி விளம்பரத்தை யாரும் சொல்லவில்லையே. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வரிசையாக நாடு சொல்வார்கள். எனக்கு உலகப் படத்தில் முதலில் தெரிந்த நாடுகள் பல்பொடி விற்ற நாடுகள்தான்.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. கடைக் கடிகாரத்துக்கு அப்பா நேரம் வைப்பதும் சிலோனைக் கேட்டுத்தான். 1996 மே மாதக் கடைசியில் ஒருநாள் அறிவிப்பாளர் சொன்ன நேரம் கடைக் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முந்தி இருந்தது. அப்பா கடிகாரம் நின்று ஓடியிருக்கிறது என்று முடிவு பண்ணி முள்ளைத் தள்ளி வைத்துவிட்டார். நாகப்பட்டினம் போகிற முதல் பஸ்ஸைப் பிடிக்க வந்த ஒருவர் பஸ் போய்விட்டது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்து, டீ குடித்து, வடை தின்று, முடித்தபோது பஸ் வந்து நின்றது. பிறகுதான் தெரிந்தது, கரண்ட்டை மிச்சம் பிடிக்க அங்கே அரசாங்கமே நேரத்தை முன்னே தள்ளியிருக்கிறது. அக்டோபரில் அதை அரை மணியாகக் குறைத்தார்கள். அந்த அரை மணி வித்தியாசம் 2006 வரை இருந்தது. அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசி வரை கணக்குப் போட்டுத்தான் கேட்டார்: “அவனுக்கு எட்டுன்னா நமக்கு ஏழரை.”

மீராசா_முத்துப்பேட்டை:

அண்ணே, கொஞ்சம் வெட்கமான சேதி சொல்ல வேண்டியிருக்கு.

எங்கள் காக்கா (அண்ணன்) 1981-ல் சிங்கப்பூரிலிருந்து ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் கொண்டாந்தார். ஊரிலேயே ஏழெட்டு வீட்டில்தான் இருந்தது. நான் தினம் சிலோனைப் பதிவு பண்ணினேன், ஒன்றிரண்டு இல்லை, எழுபது கேசட்டுக்கு மேல். இன்றும் பெட்டியில் இருக்கிறது. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் துள்ளி எழுந்தேன். எடுத்துப் போட்டுக் கேட்டேன், மூன்று நாளாகக் கேட்கிறேன்.

எல்லாம் பாட்டு. பாட்டு முடியும், டக், அடுத்த பாட்டு. அறிவிப்பாளர் வாய் திறந்தாலே பதிவை நிறுத்திவைக்கிற பாஸ் (pause) பட்டனை அழுத்துவேன். கேசட் விலை அப்படி, பேச்சுக்கெல்லாம் நாடா செலவு பண்ண மனசு வராது. உம்மா திண்ணையிலிருந்து “அந்தப் புள்ள பேசுறதையும் புடியேன்டா, நல்லாப் பேசுதே” என்பார். நான்தான் கேட்கவில்லை. எது எங்கே வேண்டுமானாலும் கிடைக்குமோ அதையெல்லாம் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறேன். எது எங்கேயும் கிடைக்காதோ அதை எழுபது கேசட்டிலும் ஒன்று விடாமல் வெட்டியிருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருக்கிறேன்.

ஆனால் என் விரலும் தூங்கியிருக்கிறது. இதுவரை கேட்ட இருபத்தி ஆறு கேசட்டில் ஒன்பது இடத்தில் பேச்சு மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் அரை வரி. ஒன்றில் மட்டும் பதினோரு செகண்ட். ஒரு பெண் குரல், நேயர் பெயர் மூன்று, ஊர் இரண்டு, மூன்றாவது ஊர் பாதியில் டக். அனுப்பவா? உங்கள் ஊர் இல்லை, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். இது 82 அல்லது 83-ஆக இருக்கும்.

ரிமோட்டார்:

மீராசா பாய், நானும் பாஸ் பட்டன் கட்சிதான். இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல. எங்க வீட்லயும் நாற்பது கேசட் இருக்கு. போட்டுக் கேக்க டேப் டெக்தான் இல்ல. இந்த வாரம் கடன் வாங்கிப் போட்டுப் பாக்குறேன்.

உப்பளத்தான்:

மீராசா தம்பி அனுப்பிய பதினோரு செகண்டை நேற்று ராத்திரி அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். காதில் மாட்டுகிறதை வேண்டாம் என்றுவிட்டாள். டிரான்சிஸ்டர் பக்கத்தில் போனை வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

முதல் தடவை முடிந்ததும் “இது ராஜேஸ்வரி இல்ல” என்றாள். நான் ஆமாம் என்றேன், எனக்கும் தெரியவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். அந்த ஊர்ப் பெயரை முடிக்காமல் விட்டது பிடிக்கவில்லை, “அதிராம்பட்டினமாத்தான் இருக்கும், ‘அதி’ன்னு ஆரம்பிக்கிறா” என்றாள். ஐந்தாறு தடவை கேட்டோம். அதிராம்பட்டினம்தான் என்று முடிவாகிவிட்டது. அந்த மூன்று பேரும் அன்றைக்கு ரேடியோப் பக்கத்தில் இருந்திருப்பார்களா என்று கேட்டாள். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, இருந்திருப்பார்கள் என்றேன். “மாவாட்டாம இருந்தா சரி” என்றாள்.

பிறகு மொட்டை மாடி. பழைய வால்வு ஐயா சொன்னபடி சுவிட்சை இருபது தடவை தள்ளினேன், கரகரப்பு பாதி குறைந்தது. தெற்கு எது என்று போனில் திசைகாட்டி பார்த்து வைத்தேன். அம்மா மேலே ஏற முடியாது என்பதால் கீழே படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். முள்ளை நகர்த்த நகர்த்த இரைச்சலுக்கு நடுவில் ஏதோ ஒரு பாஷை வந்தது, மலையாளம் மாதிரி. பிறகு ஒரு நாதஸ்வரம் பத்து செகண்ட் வந்து போய்விட்டது. “இதான், இதான், அப்படியே வை” என்று கீழேயிருந்து குரல். வைத்தேன், நிற்கவில்லை.

ஐயா, இப்போது எனக்கு ஒரு சந்தேகம். பெட்டியைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தால் சத்தம் கூடுகிறது, நிமிர்த்தினால் போகிறது. உள்ளே அந்தக் குச்சி விட்டுப்போயிருக்குமா, இல்லை ஏதாவது ஒயர் பற்றவைப்பு விட்டிருக்கிறதா? பின்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கலாமா? கலர் திருகைத் தொடமாட்டேன், சத்தியம். மீராசா தம்பி, மிச்சம் நாற்பத்து நாலு கேசட்டையும் கேட்டு முடிப்பதற்கு டெக் தாங்குமா? பெல்ட் வேண்டுமென்றால் ரிச்சி தெருவில் தேடிப் பார்க்கிறேன், என்ன மாடல் என்று மட்டும் எழுதுங்கள்.